வாசல் பெஞ்சு

"ஃபேன்கூட மாட்டியாச்சுக்கா. உங்களுக்குன்னே தனியா ஒண்ணு" என்றார் மூப்பர்.

வாசலக்கா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

மூப்பரும் நின்றுகொண்டுதான் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டதற்கு, "பரவால்லக்கா, அவசரமாப் போகணும்" என்று சொல்லிவிட்டுக் கதவு நிலையில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றார். போன வாரம்வரை இதே அறையில், இந்தக் கல் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் அவர் சபைக்குப் போதனை சொன்னார். நடுவில் தொண்டை வறண்டால் இந்த வீட்டு டம்ளரில்தான் தண்ணீர் குடித்தார். சில நாள் இன்னொரு டம்ளரும் கேட்பார். புதுப் பிரார்த்தனைக் கூடத்துக்கு வெள்ளை அடித்து முடித்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவருடைய முழங்கால் மடங்க மறுக்கிறது. வயசாகிறது, பாவம்.

"பெஞ்சு கதவ ஒட்டியே இருக்குக்கா. வெயில் படாது, மழை படாது. ஸ்பீக்கர் ஒண்ணு நேரா உங்க தலைக்கு மேல. உண்மையச் சொன்னா உள்ள இருக்கறவங்களவிட உங்களுக்குத்தான் தெளிவாக் கேக்கும்." மூப்பர் நாற்காலிக் கடை வைத்திருப்பவர். விற்காத சரக்கைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு உருக்கம் தானாகவே வந்துவிடும். "நல்ல நீளமான பெஞ்சு. நாளைக்குப் பாப்பாவும் உக்காரணும்ல?"

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது மூப்பருக்குக் கொடுக்கும் மரியாதை.

மகள் வெளியே வந்தாள். "என்ன மாமா சொன்னீங்க?"

"இல்லம்மா, உங்கம்மாவுக்கு அப்புறம் இந்த வேலைய யாராவது பாக்கணுமில்ல? வழிவழியா வர்றது."

"நான் கண்ணாடிக் கடையில வேல பாக்குறேன் மாமா."

"கண்ணாடிக் கடை நல்லதுதான்மா. கண்ணாடி போட்டவங்களும் ஒரு நாள் போய்ச் சேரத்தானே வேணும்?" என்று சொல்லிவிட்டு மூப்பர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் கிடைக்காததால் சீக்கிரமே நிறுத்திக்கொண்டார். பிறகு வாசலக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மனசுல எதுவும் வச்சுக்காதீங்கக்கா. சும்மா உக்காரச் சொல்லல. வாசல்ல இருந்து வர்றவங்கள வரவேற்கலாம். அதுவும் ஒரு ஊழியம்தானே? இங்க எப்படி வரவேத்தீங்களோ, அங்கயும் அப்படியே."

"அப்படியேவா?" என்று வாசலக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அப்படியேதான்க்கா" என்று சொல்லிக்கொண்டே மூப்பர் உள்ளே இருந்த காலையும் வெளியே எடுத்துக்கொண்டார். காரியம் சுமுகமாக முடிந்ததில் அவருக்கு நிம்மதி.

இந்தச் சபையில் யார் இறந்தாலும் வாசலக்கா வீட்டு முன்னறைக்குத்தான் கொண்டுவருவார்கள். கல் மேசையில் கிடத்திக் குளிப்பாட்டி, தலை வாரி, புதுத்துணி சுற்றி அனுப்பிவைப்பது அவள் வேலை. மாமியாருக்குப் பிறகு அவளுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஆண்களை அவள் புருஷன் குளிப்பாட்டினான். அவனும் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வேலைக்கு ஆள் தேடினார்கள். ஒருவரும் அகப்படவில்லை. ஆண் உடம்பைப் பெண் தொடக்கூடாது என்று அதுவரை கறாராக இருந்த வழக்கம், அன்றைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. ஆள் கிடைக்காத இடத்தில் வழக்கங்களுக்கு இடுப்பு நன்றாகவே வளையும்.

வளையாத வழக்கம் ஒன்றும் இருந்தது. சாவைத் தொடுகிறவள் கூடத்துக்குள் வரக்கூடாது. அவளைத் தொட்டவர்கள் தலைமுழுகாமல் கூடத்துக்குள் போகக்கூடாது. ஆகவே பிரார்த்தனை நாட்களில் அவள் வாசலுக்கு வெளியே நின்றாள். நின்று நின்று பெயரே வாசலக்கா ஆகிவிட்டது. உயிரோடு இருக்கும்வரை அவள் விரல் படக்கூடாது. உயிர் போய்விட்டால் அவள் விரல் பட்டுத்தான் ஆகவேண்டும். ஆனாலும் குளிர்காலத்தில் யாருக்கும் அவள் பச்சைத்தண்ணீர் ஊற்றியதில்லை. வெந்நீர் வைத்து, முழங்கையில் விட்டுப் பார்த்து, பிறகுதான் ஊற்றுவாள். "அவங்களுக்கு என்னம்மா தெரியப்போகுது?" என்று மகள் கேட்டால், "எனக்குத் தெரியுதே" என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய கூடம் எரிந்தது. மின்கசிவு. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரையும் சுவரும்தான் போயின. தெருக்காரர்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். அவரவர் வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மறுவாரமே தெரு நலச் சங்கம் கூடி, இனிமேல் இந்தத் தெருவில் கூடம் கட்டவிடுவதில்லை என்று முடிவெடுத்தது. சங்கத் தலைவருக்கு அமைதி சார் என்று பட்டப்பெயர். பிரார்த்தனைச் சத்தத்தால் தெருவின் அமைதி கெடுகிறது என்று எதிர்வீட்டு மாடியில் நின்று மெகாபோனில் கத்துவார். அவர் கத்தி முடித்த பிறகு பிரார்த்தனை தொடங்கினால், காதில் இரைச்சல் அடங்கிச் சற்று நிம்மதியாக இருக்கும்.

கூடம் இல்லாவிட்டால் சபை கலைந்துவிடும் என்பது அவர் கணக்கு. கணக்கு ஏறக்குறையச் சரிதான். சபை ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்தது. மண்டபத்தின் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தன. ஒரு கிடங்கில் கூடினார்கள். கிடங்குக்காரர் வீட்டுக் கதவில் சாணி அடித்தார்கள். பள்ளிக்கூட அறை ஒன்று கேட்டார்கள். அதன் சாவி அன்றைக்கென்று பார்த்துத் தொலைந்துபோனது. ஒவ்வொரு வாரமும் தலைகள் குறைந்தன. சிலர் வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். வீட்டில் கும்பிடுகிறவர்கள் எவ்வளவு கும்பிடுவார்கள் என்பது எல்லா மதத்துக்கும் தெரிந்த விஷயம்.

"எங்க வீட்டு முன்னறை பெருசுதான்" என்று ஒரு நாள் வாசலக்கா, வெளியே நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

சபை திடுக்கிட்டது. பிணம் கழுவும் அறையிலா? ஆனால் வேறு கதி இல்லை. போனார்கள். கல்லெறிகிறவர்களும் பின்னாலேயே போனார்கள். முன்னால் வந்த வாட்டசாட்டமான ஆள் கையில் கல்லோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். கல் மேசையைப் பார்த்தான், ஓரத்தில் அடுக்கிவைத்த வெள்ளைத் துணிகளைப் பார்த்தான். கல்லை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கவில்லை. சபைக்கு எத்தனையோ காவல் தெய்வங்களை மூப்பர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கடைசியில் காவல் காத்தது அந்தத் தீட்டுதான்.

ஒரு சிக்கல் இருந்தது. கூடம் அல்லாத இடத்தில் பிரார்த்தனை நடந்தால், இடத்துக்கு உரியவர் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவர் கையையும் தன் இரண்டு கைகளாலும் பிடித்து "வாங்க" என்று சொல்லவேண்டும் என்பது இந்தச் சபையின் முறை. பிடிக்காமல் உள்ளே போனால் பிரார்த்தனை செல்லாது. பிடித்தாலோ தீட்டு. மூப்பர் கண்ணை மூடி யோசித்தார். விதி சொல்வதில் அவருக்கு இணை கிடையாது. "கூடம் இல்லாத காலத்துக்குத் தீட்டு விதி பொருந்தாது" என்றார்.

முதலில் வந்தவர் பல் டாக்டர். இரண்டு கையையும் நீட்டினார். வாசலக்கா பிடித்தாள். பிடித்தவள் விட மறந்துவிட்டாள். அந்தக் கை சூடாக இருந்தது. புருஷன் போன பிறகு மகளைத் தவிர வேறு யாருடைய கையும் அவளுக்குச் சூடாகக் கிடைத்ததில்லை. அன்று மாலை எல்லோரும் போன பிறகு அவள் கல் மேசையருகே உட்கார்ந்து அழுதாள்.

தலைகள் கூட ஆரம்பித்தன. கட்டிட அனுமதிக்கு அலைந்து, சங்கம் போட்ட தடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் அடித்தளம் தோண்டினார்கள். லாரி தெருவுக்குள் வரமுடியவில்லை. தெருமுனையில் எப்போது பார்த்தாலும் அமைதி சாருடைய கார் குறுக்கே பழுதாகி நிற்கும். அப்படிப் பழுதாகிற கார் சாயங்காலமானால் தானாகவே சரியாகி வீட்டுக்குப் போகும். ஆகவே செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் கொண்டுபோனார்கள். மெயின் ரோட்டிலிருந்து கூடம்வரை ஒரே வரிசை. பல் டாக்டர், தையல்காரர், பாங்க்கில் வேலை பார்க்கிற அம்மா, பால் ஊற்றுகிறவர், எல்லோரும். வாசலக்காவுக்கு அடுத்து மூப்பர் மனைவி, அவளுக்கு அடுத்து மூப்பர். செங்கல் விழுந்து மூப்பர் மனைவியின் விரல் நசுங்கியபோது, வாசலக்காதான் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டாள். அந்த அம்மா மறுநாளும் அதே இடத்தில் வந்து நின்றாள்.

கூடத்துக் குழாய் இணைப்பையும் சங்கம் விட்டுவைக்கவில்லை. அது பொதுக்குழாய், கட்டிடத்துக்குக் கொடுக்கமுடியாது என்று சொல்லிப் பிடுங்கிவிட்டார்கள். வாசலக்கா வீட்டில் ஆழ்குழாய் இருந்தது, பிணம் கழுவுவதற்கென்று சபையே போட்டது. குடம் குடமாக அங்கிருந்துதான் தண்ணீர் போனது. அந்தத் தண்ணீரில்தான் சிமென்ட் குழைந்தது, சுவர் நனைந்தது, வெள்ளை கரைந்தது. அப்போதும் யாரோ சந்தேகம் கேட்டார்கள். "சிமென்ட்ல கலந்துட்டா தீட்டு போயிடும்" என்று மூப்பர் விதி சொன்னார். சிமென்ட் கம்பெனிக்காரர்களுக்கே தெரியாத குணம்.

இப்படியாகக் கூடம் எழுந்தது. கூடம் எழுந்ததும் பழைய குருடி, கதவைத் திறடி என்று வழக்கமும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

மூப்பர் போன பிறகு மகள் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்த சொன்னியாம்மா நீ? ஆறு தாண்டுற வரைக்கும்தான் அண்ணன் தம்பி. உன் தண்ணியக் குழைச்சுச் சொவரு கட்டிட்டு, அந்தச் சொவத்துக்கு வெளிய உனக்கு பெஞ்சு!"

"சத்தம் போடாதடி."

"போடுவேன். உன்னை உக்கார வச்சது பத்தாதுன்னு எனக்கும் சேத்து நீளமா போட்டிருக்காராம். நீ அந்தப் பெஞ்சுல உக்காந்தா நான் அந்தப் படி ஏறமாட்டேன். இந்தச் சபையும் வேணாம், இதோட சாமியும் வேணாம். சொல்லிட்டேன்."

மகள் சொன்னதைச் செய்கிறவள். முப்பது வருஷம் வெளியே நின்றது வாசலக்காவுக்குப் பெரிதாக வலித்ததில்லை. நிற்பதுதான் உலகம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே உட்கார்ந்து பார்த்த பிறகு வலித்தது. தன்னோடு அது முடிந்தால் போகிறது என்று விடலாம். பெஞ்சின் மறுபாதியில் தன் பெண் உட்கார்ந்திருப்பதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்ததை என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை. துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "அப்படியேன்னு அவர்தானேடி சொன்னாரு?" என்றாள்.

"எது அப்படியே?"

"ஒண்ணுமில்ல. திறப்பு நாளன்னிக்கு கேட்டு வரைக்குமாவது வா. அப்புறம் உன் இஷ்டம்."

திறப்பு நாளன்று வாசலக்கா எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். வெளுத்த புடவை, வாரிய தலை. பெஞ்சு பளபளவென்று இருந்தது. மேலே ஃபேன் சுற்றியது. அவள் உட்காரவில்லை, பெஞ்சுக்கு முன்னால், பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். மகள் கேட்டுக்கு வெளியே, கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

பல் டாக்டர் குடும்பத்தோடு வந்தார். வாசலக்கா கையை நீட்டுமுன்பே அவருடைய இரண்டு கைகளும் நீண்டுவிட்டன. இரண்டு வருஷத்துப் பழக்கம். அவருடைய கைகளுக்குக் கட்டிடம் மாறியது தெரியாது.

"வாங்க டாக்டரே" என்று அவள் பிடித்தாள்.

அவர் மனைவி, பிள்ளைகள், தையல்காரர், பாங்க் அம்மா, பால்காரர் என்று ஒவ்வொருவராகப் படியேறினார்கள், கையை நீட்டினார்கள், "வாங்க" பெற்றுக்கொண்டார்கள். அதன்பிறகுதான் பாங்க் அம்மாவுக்கு உறைத்தது. "ஐயோ" என்று கையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த தையல்காரரும் தன் கையைப் பார்த்தார். முற்றம் நிறைந்துவிட்டது. ஒருவரும் கதவருகே போகவில்லை.

மூப்பர் புதுச்சட்டையில், கையில் சாவியோடு, மனைவி பின்தொடர வந்தார். கூட்டத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. விறுவிறுவென்று படியேறி வந்தவரின் கையைச் சாவியோடு சேர்த்து வாசலக்கா இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"வாங்க மூப்பரே."

அவர் கையும் சூடாகத்தான் இருந்தது.

"அக்கா! என்ன இது?"

"நீங்கதானே சொன்னீங்க, அங்க எப்படி வரவேத்தேனோ இங்கயும் அப்படியேன்னு? எல்லாரையும் அப்படியே வரவேத்துட்டேன். ஒருத்தரையும் விடல."

மூப்பர் கையை உருவிக்கொண்டார். சாவி அவள் கையில் தங்கிவிட்டது. பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "மூப்பரே, இப்ப நாங்க உள்ள போகலாமா, இல்ல வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வரணுமா? என் வீட்டுக்கு பஸ்ல போகணும்."

"இங்கயே குளிச்சிக்கலாம்னா குழாய்ல தண்ணி வரலயே" என்றார் பால்காரர்.

"தண்ணி எங்க வீட்டுல இருக்கு" என்றாள் வாசலக்கா. அவள் குரலில் கேலி இல்லை. வந்த விருந்தாளிக்கு வழி சொல்கிற குரல்தான். "பக்கத்துலதான் மூப்பரே. வெந்நீர்கூட வச்சுத் தர்றேன். அந்தக் கல்லு மேல உக்காந்துதான் குளிக்கணும், வேற இடம் இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். எதிர்வீட்டு மாடியில் அமைதி சார் மெகாபோனோடு வந்து நின்றார். "இவ்வளவு பாடுபட்டுக் கட்டிட்டு உள்ள போகத் தெரியலயே உங்களுக்கு!" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒலிபரப்பினார். இரண்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒரே உண்மை அது.

மூப்பருக்கு வியர்த்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தும் வியர்த்தது.

"எனக்குக் கால் வலிக்குது" என்றாள் மூப்பர் மனைவி. நசுங்கிக் கோணலாக ஆறிய விரலோடு அந்தக் கையை வாசலக்காவிடம் நீட்டினாள். "என்னை மட்டும் விட்டுட்டீங்களே அக்கா? பிடிங்க." பிடித்து முடித்ததும் புருஷனிடம் திரும்பினாள். "நான் உள்ள போய் உக்காரப்போறேன். குளிக்கணும்னா நீங்க போய்க் குளிச்சிட்டு வாங்க. நாங்க அதுவரைக்கும் பாடிக்கிட்டிருக்கோம்."

மூப்பர் கண்ணை மூடினார். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இமைகளையே பார்த்தது. உள்ளே எதை எதையோ புரட்டித் தேடுகிறார் என்று தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது விதி தயாராக இருந்தது.

"திறப்பு நாள் விசேஷமான நாள். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்த விதி கிடையாது."

"என்னைத் தொட்டவங்க உள்ள போகலாம்னா, தொட்டவளும் உள்ள வரலாம்தானே?" என்று கேட்டாள் வாசலக்கா.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று மூப்பர் அழுத்திச் சொன்னார்.

வாசலக்கா கதவைத் திறக்கவில்லை. கேட்டைப் பார்த்தாள். மகள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு மெல்லப் படியேறி வந்து, ஊர் முழுக்கப் பார்க்க, அம்மாவிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வாடி" என்றாள் வாசலக்கா. சாவியைத் திருப்பினாள்.

அந்த விதியை இன்றுவரை யாரும் நீக்கவில்லை. நீக்கினால் முன்னோர்கள் மனம் வருந்துவார்கள் என்று மூப்பர் சொல்கிறார். ஆகவே ஒவ்வொரு வாரமும் அவர் அதை அந்த ஒரு நாளைக்கு மட்டும் தளர்த்திவைக்கிறார். மறுவாரம் குழாய் இணைப்பு வரவில்லை என்பது காரணமாக இருந்தது. அதற்கடுத்த வாரம் இணைப்பு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்காகத் தளர்த்தினார். மழைக்குத் தளர்த்தினார், வெயிலுக்குத் தளர்த்தினார், அமைதி சார் மகனுக்குக் கல்யாணம் என்று எதிர்வீட்டு மரியாதைக்குக்கூட ஒருமுறை தளர்த்தினார். வாசலக்காவின் கையில் அகப்படாமல் உள்ளே போய்விடலாம் என்று சில வாரம் முன்கூட்டியே வந்து பார்த்தார். அவள் அவருக்கும் முன்கூட்டியே வந்து நின்றாள். இப்போது அந்த முயற்சியை விட்டுவிட்டார். வந்ததும் தானாகவே கையை நீட்டிவிடுகிறார். அவள் "வாங்க மூப்பரே" என்கிறாள். அவர் "இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதையும் வரவேற்பு முறையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு அவர்களும் திருப்பிச் சொல்கிறார்கள்.

வாசலக்கா முன்வரிசையில், மூப்பர் மனைவிக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். மகள் அவர்களுக்குப் பின்னால். ஸ்பீக்கர் இல்லாமலே அவர்களுக்கு நன்றாகக் கேட்கிறது.

பெஞ்சு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. அதன்மேல் சபையார் செருப்பை அடுக்கிவைக்கிறார்கள். ஃபேனை நிறுத்துவதற்கு மூப்பர் இன்னும் விதி சொல்லவில்லை; செருப்புகளுக்கு நல்ல காற்று.